அருளப்பனின் அடக்க வீடியோ

சாவு வீட்டில் கேமரா பிடிக்கிறவளுக்கு அழக் கை ஏது? முந்தானையை வாயில் வைத்துப் பொத்த ஒரு கை வேண்டும், மூக்கைச் சிந்த ஒரு கை வேண்டும். ஷெரினுக்கு இரண்டு கையும் அந்தச் சனியன் பிடித்த கறுப்புப் பெட்டியோடு போய்விட்டது. மாமனார் அருளப்பனைக் குளிப்பாட்டிக் கிடத்தியதிலிருந்து கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளி முடிக்கிற வரைக்கும் அவள் ஒரு சொட்டு அழவில்லை. புருசன் குவைத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த கேமராவை ஊருக்குக் காட்டுகிறாள் என்று ராயப்பன்பட்டியில் நாலு பேர் பேசினார்கள். பேசட்டும், பேசுகிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கிற வரைக்கும் பேசுவார்கள்.

அவள் ஆசைப்பட்டா எடுத்தாள்? விடிகாலையில் போன் போட்டுச் சேதியைச் சொன்னபோது புருசன் அருண் ஜோசப் கேட்டுக்கொண்டதுதான்.

"எனக்கு லீவு கெடைக்காது. பாஸ்போர்ட்டு இவனுக கையில இருக்கு. எனக்காகப் போட்டு வைக்க வேண்டாம், இன்னைக்கே அடக்கம் பண்ணிருங்க. ஷெரினு, நீயே கேமராவுல எடுத்துரு. வெளியாளு வேண்டாம். அவனுக பூ விழுகுற மாதிரி, ஹார்ட்டு பறக்குற மாதிரி என்னத்தையாச்சும் போட்டுக் கல்யாணக் கேசட்டா ஆக்கிருவானுக. அப்பா மொகத்தக் கிட்டக்கப் போயி எடு. மண்ணு அள்ளிப் போடுற வரைக்கும் எடு. நான் பாக்கணும்."

"சரிங்க," என்றாள் ஷெரின். அந்த வீட்டில் அவள் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

ஷெரின் தேவதானப்பட்டிக்காரி. கல்யாணம் முடிந்து ஒன்றரை மாசத்தில் அருண் ஜோசப் குவைத்துக்கு விமானம் ஏறிவிட்டான். அங்கே ஒரு கம்பெனியில் லாரி ஓட்டுகிறான். போகிறபோது பொண்டாட்டிக்கென்று ஒரு கம்ப்யூட்டரும், போன் வயரில் வருகிற இன்டர்நெட்டும், இந்தக் கேமராவும் வைத்துவிட்டுப் போனான். கணக்குப் பார்த்தால் கட்டினவனைவிட மாமனாரோடுதான் அவள் அதிகம் பேசியிருக்கிறாள். "இது காப்பியா, கால் கழுவுன தண்ணியா?" என்று கேட்டுக்கொண்டே அருளப்பன் இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடிப்பார். அவளும் சளைக்காமல், "கால் கழுவுன தண்ணிக்கு எதுக்கு மாமா சீனி பத்தலைங்குறீக?" என்பாள். அந்த மனுசனிடம் மட்டும்தான் அவளுக்கு அந்த வீட்டில் பயமில்லை.

அருளப்பன் ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை. இது அருண் ஜோசப்புக்குச் சொன்ன கதை. நடந்தது வேறு. திராட்சைப் பந்தலுக்கு அடியில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோனது. தேனிக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். நடுவீட்டில், போன் இருக்கிற மேசையை ஒட்டிக் கட்டிலைப் போட்டுக் கிடத்தினார்கள். ஆடி மாசம் பூராவும் அதில்தான் கிடந்தார். குழறிப்போன நாக்கில் அவருக்குச் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். "சோசப்பு வந்துட்டானா?"

மாமியார் மதலேனாள் முதல் நாளே முடிவு பண்ணிவிட்டாள். போன தடவை அவளுக்குக் கர்ப்பப்பை ஆப்பரேசன் என்று கேள்விப்பட்டு, இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு ஓடிவந்தவன் அவன். இப்போதும் சொன்னால் வேலையை விட்டுவிட்டு வருவான். வந்தால் திரும்பப் போக முடியாது. "ஒருத்தருக்கும் வாயத் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அவன் போனில் அப்பாவைக் கேட்டால் "தோட்டத்துல இருக்காக" என்பாள் மதலேனாள். அவள் இல்லாத நேரத்தில் போன் வந்தால் ஷெரினும் அதையே சொன்னாள். கம்ப்யூட்டரில் முகம் பார்க்க வேண்டும் என்று அவன் கேட்டபோது, கம்ப்யூட்டர் மேலே மாட்டியிருந்த சின்னக் கேமராவைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, "ரிப்பேருங்க" என்றாள். சொல்லச் சொல்லப் பழகிவிட்டது. பொய் சொல்கிறோம் என்கிற கூச்சம்கூட நாலைந்து நாளில் போய்விட்டது.

அடக்கம் முடிந்த நாலாம் நாளே மதலேனாள் தோட்டத்துக்குக் கிளம்பினாள். கொடியில் பழம் கறுத்து நின்றது. மேற்கே மலையில் சாரல் பிடித்துவிட்டது. பழுத்த குலையில் நாலு தூறல் விழுந்தால் போதும், பழம் வெடித்து ஈ மொய்த்துவிடும். "துக்க வீட்டுக்காரி பழம் வெட்டப் போறா" என்று ஒருத்தி பின்னால் சொன்னது காதில் விழுந்தது. "திராச்சைக்குத் துக்கம் தெரியுமாடி?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டுவிட்டு நடந்தாள் மதலேனாள். அவளும் அழுது யாரும் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. முதல் நாள் உறவுக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த மொச்சைக் குழம்பு மிச்சமிருந்தது. அதை ஊற்றிச் சாப்பிட்டாள், ருசி தெரியவில்லை. கேமராவை எடுத்துக் கம்ப்யூட்டரில் வயரைச் சொருகினாள். கேசட் போடுகிற கேமரா இல்லை அது, உள்ளேயே டிஸ்க் வைத்தது. உள்ளே இருபதுக்கும் மேலே துண்டு துண்டாகப் படங்கள் இருந்தன. எல்லாவற்றின் பேரும் எம்.ஓ.டி. என்று முடிந்தது. ஒன்றின் மேல் தட்டினால், இதைத் திறக்க எனக்குத் தெரியாது என்று கம்ப்யூட்டர் கையை விரித்தது. வீடியோ மிக்ஸிங் பண்ண அருண் ஜோசப் போட்டுக்கொடுத்த சாஃப்ட்வேரில் இழுத்துப் போட்டால் அது திக்கித் திக்கி நின்று, அப்புறம் உறைந்தே போனது. அணைத்துப் போட்டாள். மறுபடி உறைந்தது.

இன்டர்நெட்டில் தேடினாள். எந்த ஊர்க்காரனோ, தன் பிள்ளை பிறந்தநாள் படம் இதே மாதிரி திறக்க மாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தான். இன்னொருத்தன், பேரின் வாலை எம்.பி.ஜி. என்று மாற்று, திறக்கும் என்று பதில் எழுதியிருந்தான். ஒன்றை நகல் எடுத்து வாலை மாற்றினாள். திறந்தது.

தரை தெரிந்தது. சிமெண்டுத் தரை. அதில் யாரோ ஒருத்தரின் பித்தவெடிப்புக் கால். ஒரு சேலைக் கரை. கொட்டிக் கிடந்த சாமந்திப் பூ. படம் ஆடிக்கொண்டே போனது. சத்தம் இல்லை. அடுத்ததைத் திறந்தாள், வாசல் மண்ணும் செருப்புக் கும்பலும். அடுத்ததில் கோயில் தரை. அதற்கு அடுத்ததில் கல்லறைத் தோட்டத்துப் புல். கொஞ்சம் கொஞ்சம் ஓடவிட்டுப் பார்த்ததில் ஒன்றில்கூட மாமா இல்லை.

என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. காலையில் அறையிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு வரும்போதே கட்டைவிரல் பட்டுப் பொத்தான் அழுங்கியிருக்கிறது. அப்போதே கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது. மாமாவுக்கு நேரே போய் நின்று ஓடட்டும் என்று அவள் அமுக்கியபோது அது நின்றது. போதும் என்று கீழே தொங்கவிட்டு அமுக்கியபோது ஓடியது. அன்று முழுக்க அப்படியே, ஒன்றுக்கொன்று மாறி. எடுக்க நினைத்த எதையும் எடுக்கவில்லை. எடுக்காத நேரம் பூராவையும் எடுத்திருக்கிறாள். திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி மின்னத்தான் செய்திருக்கும். அன்றைக்கு அவள் கண்ணுக்கு முன்னால் இருந்த எதுவுமே அவளுக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

தலையில் அடித்துக்கொண்டு அழவேண்டிய இடம் இது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி அடுத்த துண்டைக் கடைசி வரை ஓடவிட்டாள், அதற்கடுத்ததையும் ஓடவிட்டாள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் தரை விலகி, கேமரா நிமிர்கிறது. மாமாவின் முகம் நேராக வருகிறது. வந்ததும் படம் முடிந்துவிடுகிறது. அவள் பொத்தானை அமுக்கிய அந்த நேரம். ஒரு விநாடி, சிலதில் இரண்டு விநாடி.

சாயங்காலம் அருண் ஜோசப் கூப்பிட்டான்.

"படம் எப்படி வந்துருக்கு?"

"வந்துருக்குங்க."

"எடிட்டு கிடிட்டு ஒண்ணும் வேண்டாம். எடுத்ததப் பூராம் அப்படியே டிவிடில போட்டுரு. பாளையத்து இத்ரீஸ் லீவு முடிஞ்சு வெள்ளிக்கெழம இங்க கெளம்புறான். அவன் கையில குடுத்துவிடு. ஊறுகா எதுவும் வேண்டாம், அது மட்டும் வந்தாப் போதும்."

"சரிங்க."

மறுநாள் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஹக்கீம் வீடியோ மிக்ஸிங் கடை வைத்திருந்தான். அருண் ஜோசப்போடு ஒன்றாகப் படித்தவன், வாய் ஓயாதவன். சுவர் முழுக்கக் கல்யாண ஜோடிகளைத் தாமரைப் பூவுக்குள்ளும் நிலாவுக்குள்ளும் உட்காரவைத்து ஒட்டியிருந்தான்.

"வாங்க தங்கச்சி. கேள்விப்பட்டேன். வரணும்னு நெனச்சேன், ஒரு நிக்காஹ் ஆல்பம் உயிர எடுத்துருச்சு. உக்காருங்க. டீ சொல்லவா?"

"வேண்டாம்ணே. படத்துல சத்தம் வரல. டிவிடியும் போடணும்."

அவன் தன் கம்ப்யூட்டரில் வயரைச் சொருகிப் பார்த்தான். படம் ஓடியது, சத்தம் இல்லை. மைக் போயிருக்கும் என்றான். ஸ்பீக்கரைத் தட்டினான். வைரஸாக இருக்குமோ என்றான். ஏதோ ஒன்றை நீக்கினான், வேறொன்றைப் போட்டான், மெஷினை அணைத்துத் துவக்கினான். அதற்குள் கரண்ட் போய்விட்டது. இரண்டு பேரும் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள்.

"என்ன தங்கச்சி, பூராம் தரையா இருக்கு?" என்றான் மெதுவாக.

அவள் நடந்ததைச் சொன்னாள். ஹக்கீம் சிரிக்கவில்லை. "நம்ம கடைப் பையன் ஒருத்தன் ஒரு தாலிகட்டையே இப்படித்தான் விட்டான். மாப்பிள்ளை வீட்டுக்காரன் சட்டையப் புடிச்சுட்டான். வெளக்கிச் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்," என்றான். பிறகு, "ஆனா சத்தம் எங்கயும் போயிருக்காது. வேற தினுசுல பதிஞ்சுருக்கு, மெஷினுக்கு அது வெளங்கல. கோடெக்குன்னு ஒரு சின்ன சாஃப்ட்வேரு இருக்கு, அதப் போட்டாப் பேசிரும்," என்றான்.

கரண்ட் வந்தது. அவன் அந்தக் கோடெக்கைத் தேடி எடுத்துப் போட்டான். முதல் துண்டைத் தட்டினான். சிமெண்டுத் தரை தெரிந்தது, கூடவே ஸ்பீக்கரில் ஒரு பொம்பிளைக் குரல் கடை நிறையக் கேட்டது.

"பாவி மனுசன், கடைசி வரைக்கும் மகன் வந்துட்டானா வந்துட்டானான்னுல்ல கெடந்தாக."

பக்கத்து வீட்டுச் சந்தனம்மாளின் குரல். இன்னொருத்தி சொன்னாள்: "மெதுவாப் பேசுக்கா. மருமக கேமராவ வச்சுருக்கா."

"அது இப்ப ஓடலடி. கீழதான தொங்கவிட்டுருக்கா. அந்தப் பய கேக்கும்போதெல்லாம் தோட்டத்துல இருக்காகன்னு சொன்னாளே மதலேனா, அவளுக்கு மனசா கல்லா? இந்தச் சின்னச் சிறுக்கியும் கூடச் சேந்துக்கிட்டு..."

ஹக்கீம் சட்டென்று சத்தத்தைக் குறைத்தான். அவளைப் பார்க்கவில்லை. மேசை டிராயரிலிருந்து ஹெட்போனை எடுத்துத் துடைத்து அவள் முன்னால் வைத்தான். "நீங்க கேளுங்க தங்கச்சி. எனக்கு ஒரு டீ குடிக்கணும்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். வாய் ஓயாதவன்தான், ஆனால் எங்கே மூடவேண்டும் என்று தெரிந்தவன்.

ஷெரின் எல்லாத் துண்டையும் கேட்டாள். ஜெபமாலை சொல்கிற குரல்கள். சவப்பெட்டிக்கு அளவு சரியில்லை என்று ஒரு சண்டை. பழம் இந்த வாரம் வெட்டுவாகளா, அடுத்த வாரமா என்று வாசலில் ஒரு விசாரிப்பு. அதற்கு நடுவில் போன் மணி அடிக்கிறது. எடுத்தவள் பேசுகிறாள்: "ஆமாங்க. சாப்புட்டுத்தான் படுத்தாக. ஒண்ணும் சொல்லலங்க. தூக்கத்துலயே போயிட்டாக. இல்லங்க, கஷ்டப்படல." அது தன் குரல்தான் என்று தெரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. கடையில் சாமான் விலை சொல்கிறவளின் குரல் மாதிரி இருந்தது.

பெட்டி மூடுவதற்கு முந்தைய துண்டில் படம் வெறும் இருட்டு. கேமராவைச் சேலை மூடியிருக்கிறது. வெகு பக்கத்தில் மதலேனாளின் குரல், யாருக்கும் கேட்காத மாதிரி, மூச்சோடு மூச்சாக: "கோவிச்சுக்கிறாதீக. என்னையக் கோவிச்சுக்கிறாதீக. அவன் பொழப்புக்குத்தான சொன்னேன். உங்களுக்கு ஒரு வாயி தண்ணி ஊத்த அவன் இல்லாமப் பண்ணிட்டேன். நான் வந்து உங்க கால்ல விழுகுறேன், இப்பப் போங்க."

ஷெரின் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. காதுமடல் மட்டும் வலித்தது.

பாளையத்திலிருந்து நேரே தோட்டத்துக்குப் போனாள். பந்தலுக்குள் குனிந்துதான் நடக்க வேண்டும். அடியில் ஆட்கள் கத்திரியால் குலை குலையாக வெட்டிக் கூடையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். மதலேனாள் ஒரு ஓரமாகச் சாக்கை விரித்து உட்கார்ந்து, வெடித்த பழத்தைக் குலையிலிருந்து கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். கை பூராவும் கறுப்புச் சாயம். ஷெரின் பக்கத்தில் உட்கார்ந்து தானும் கிள்ள ஆரம்பித்தாள். கிள்ளிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். இருட்டுத் துண்டில் கேட்டதை மட்டும் சொல்லவில்லை.

மதலேனாள் கேட்டு முடித்தாள். கை நிற்கவில்லை.

"சத்தத்தப் பூராம் அழிச்சுப்புடு," என்றாள்.

"அவுக எடுத்ததப் பூராம் அப்படியே கேக்குறாக அத்தை."

"கேப்பான். கேட்டதெல்லாம் குடுத்துற முடியுமா? மொகம் தெரியுதுன்னு சொன்னேல்ல, அத மட்டும் ஒட்டி, ஒரு கோயில் பாட்டப் போட்டுக் குடுத்துவிடு."

"நாளைக்கு யாராச்சும் சொல்லிட்டா? ஊரே பேசுது அத்தை."

"ஊரு சொல்லட்டும். ஊரு சொன்னா வதந்தின்னு சொல்லிக்கிரலாம். அவுக அப்பன் சவத்துக்குப் பக்கத்துல பேசுனதக் காதால கேட்டா அவன் என்ன ஆவான்? அங்கன ஒத்தையில கெடக்கான். புடிச்சு ஒக்கார வைக்க ஆளு கெடையாது. லாரி ஓட்டுறவன். அத நெனச்சுக்கிட்டே ஓட்டுனான்னா?" மதலேனாள் நிமிர்ந்து பார்த்தாள். "நீ சொல்லு. செத்தவுக வரப்போறாகளா? இருக்குறவனாச்சும் நெம்மதியா இருக்கட்டும்."

"பொய்யி சொல்லிக்கிட்டே இருக்கோமே அத்தை."

"சொன்னேன். நாந்தான் சொன்னேன், நீ இல்ல. பாவம் எனக்கு. நீ போயி ஆகவேண்டியதப் பாரு."

கூடையைத் தூக்க ஒரு ஆள் வந்தான். பேச்சு நின்றது. சாரல் பந்தல் மேல் பொடிப்பொடியாக விழ ஆரம்பித்தது. "வெரசா வெட்டுங்கப்பா!" என்று மதலேனாள் குரல் கொடுத்தாள்.

வியாழக்கிழமை முழுக்க ஷெரின் ஹக்கீம் கடையில் இருந்தாள். அவன் ஒவ்வொரு துண்டின் வாலிலும் இருந்த அந்த ஒரு விநாடியை வெட்டினான். வெட்டிய துண்டுகளை வரிசையாக ஒட்டினான். மொத்தமே அரை நிமிசம்கூடத் தேறவில்லை. "இது பத்தாது. மெதுவா ஓடவிடுவோம். நல்லா இருக்கிறத அப்படியே நிறுத்தி, மொகத்துக்கிட்டக் கொஞ்சம் கொஞ்சமாப் போற மாதிரி வைப்போம்," என்றான். பழக்கதோசத்தில் ஒரு முகத்துக்கும் அடுத்த முகத்துக்கும் நடுவே ரோஜா இதழ் உதிர்கிற டிசைனைப் போட்டுவிட்டான்.

"வேண்டாம்ணே."

"மன்னிச்சுக்கங்க தங்கச்சி. கை தானாப் போகுது."

நெற்றியில் பூச்சரம் கட்டிய முகம். பெட்டிக்குள் வைத்த முகம். கோயில் வாசலில் வெயில் விழுந்த முகம். மார்பில் கோர்த்து வைத்த கை, அதில் சுற்றிய ஜெபமாலை. ஒவ்வொன்றையும் நிறுத்தி, பெரிசாக்கி, நகர்த்தி, வெளிச்சம் கூட்டி வைத்தார்கள். அடியில் சத்தம் ஓடுகிற பட்டையை ஹக்கீம் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து அழித்தான். அந்த இடத்தில் வெறும் ஆர்மோனியமாக ஒன்றைப் போட்டான். எங்கேயாவது ஒரு பேச்சு மிச்சம் இருக்கிறதா என்று ஷெரின் ஹெட்போனை மாட்டி முதலிலிருந்து கடைசி வரை மூன்று தடவை கேட்டாள். இல்லை. படத்தைச் சேர்த்து எழுதும்போது இரண்டு தடவை கரண்ட் போய், இரண்டு தடவையும் முதலிலிருந்து ஓடவிட்டார்கள். பொழுது சாய டிவிடி கைக்கு வந்தது. அதை இத்ரீஸ் வீட்டில் கொடுத்துவிட்டு, கடைசிப் பஸ்ஸில் ஊருக்கு வந்தாள்.

அடுத்த வாரமும் சாரல் விடவில்லை. வெட்டியது போக மிச்சப் பழம் கொடியிலேயே வெடித்துப்போனது. கட்டிலைக் கழுவி வெளியே சாத்தியிருந்தார்கள். நடுவீட்டில் அந்த இடம் காலியாகக் கிடந்தது. ஷெரின் காலையில் காப்பி போட்டாள், வாசல் கூட்டினாள், மாலையில் ஜெபமாலைக்கு உட்கார்ந்தாள். எல்லாமே வேறு யாருக்கோ நடக்கிற மாதிரிதான் இருந்தது. காப்பியைக் குறை சொல்ல ஆள் இல்லை. மதலேனாள் கொடுத்ததைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துவிடுவாள்.

ஒரு மத்தியானம் இரண்டு பேரும் நடுவீட்டில் முறத்தை வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஷெரின் எடுத்தாள்.

"ஷெரினு, படம் வந்துருச்சு. பாத்தேன்."

"ம்."

"அம்மா இருக்காகளா?"

"பக்கத்துலதான் இருக்காக."

"நல்லாத்தான் எடுத்துருக்க. மொகம் தெளிவாத் தெரியுது." பிறகு கேட்டான்: "அப்பா எத்தன நாளாக் கெடந்தாரு?"

அவள் கையிலிருந்த மொச்சையை முறத்தில் போட்டாள்.

"கன்னம் ரெண்டும் உள்ள போயிருச்சு. வாயி ஒரு பக்கமாக் கோணிக்கிட்டு நிக்குது. ஜெபமாலை சுத்தியிருக்கீகல்ல, அந்தப் பொறங்கையப் பாரு, ஊசி குத்திக் குத்திக் கறுத்துக் கெடக்கு. ராத்திரி சாப்புட்டுப் படுத்த மனுசனுக்கு ஏது புள்ள இம்புட்டு ஊசி? ரூம்ல எல்லாரும் உக்காந்துதான் பாத்தோம். எங்கூட இருக்குற மலையாளத்துப் பையந்தான் மொதல்ல கேட்டான், அச்சன் எத்ர நாளு கிடந்நுன்னு. எனக்கு அதுக்கப்புறந்தான் தெரிஞ்சுச்சு."

ஒரு பகல் முழுக்க அந்த முகத்தை நிறுத்தி, பெரிசாக்கி, வெளிச்சம் கூட்டி, நகர்த்தி நகர்த்திப் பார்த்தவள் அவள். அவளுக்குத் தெரியவே இல்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிய முகத்தைக் கூடவே இருந்து பார்த்தவளுக்கு அதுதான் மாமாவின் முகம். ஹக்கீமோ, செத்தவர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று நினைத்திருப்பான். இரண்டு பேரும் காதைத்தான் தீட்டி வைத்திருந்தார்கள். சாவுக்கு வராத ஒருத்தனுக்குத்தான் அது ஒரே பார்வையில் தெரிந்திருக்கிறது.

"என்னையக் கேட்டாரா?" என்றான் அருண் ஜோசப்.

மதலேனாளின் கை முறத்தில் நின்றுவிட்டது. ஷெரினின் முகத்தையே பார்த்தாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"கேட்டாக," என்றாள் ஷெரின்.

"நான் போன் பண்ணுனப்பல்லாம் எங்கன இருந்தாரு?"

"இங்கனதாங்க. போனுக்குப் பக்கத்துல கட்டில்ல. நீங்க பேசுறது அவுகளுக்குக் கேக்கும்."

சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆகவில்லை. பயமும் வரவில்லை. அந்தப் பக்கம் வண்டி போகிற இரைச்சல் மட்டும் கேட்டது. மதலேனாள் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். ரிசீவரை அவள் கையிலிருந்து பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"ஏலே ஜோசப்பு! அவள ஒண்ணும் வையாதலே. அவ வந்தவ, சொன்னதச் செஞ்சா. எல்லாம் நாந்தான். நீ ஓடி வந்துருவன்னுதாலே சொல்லல. வந்துட்டு மறுபடி எங்கன போயி நிப்ப?"

கார்டில் காசு தீர்ந்ததோ, அவனே வைத்துவிட்டானோ, லைன் அறுந்துபோனது. கொய்ங் என்று ஒரே சீராக வருகிற சத்தம் எட்டி நின்ற ஷெரினுக்கே கேட்டது. காதோடு ஒட்டி வைத்திருக்கிற மதலேனாளுக்குக் கேட்காமல் இருக்காது. அவள் நிறுத்தவில்லை.

"உங்கப்பாவுக்கு எம்மேல கோவமே இல்லலே. நல்ல மனுசன். நீ கேக்கும்போது நான், அப்பா தோட்டத்துல இருக்காகன்னு சொல்லுவேன்ல? அப்ப என்னையப் பாத்து மண்டைய ஆட்டுவாக. சரித்தான், அப்படியே சொல்லுன்னு ஆட்டுவாக. ஒவ்வொரு தடவையும் ஆட்டுவாகலே. இந்தா, பக்கத்துலயே இருந்தாளே ஷெரினு, அவளையே கேளு."

அறுந்த போனை அவள் பக்கம் நீட்டினாள் மதலேனாள்.

ஷெரின் பக்கத்தில் இருந்தவள்தான். மாமா ஒரு தடவைகூடத் தலையை ஆட்டவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும் சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்வார். போன் பேசி முடித்தபிறகும் திரும்ப மாட்டார்.

அவள் ரிசீவரை வாங்கினாள். மாமியாரைப் பார்த்தாள். கொய்ங் என்று இரைகிற போனை வாயருகே வைத்துச் சொன்னாள்.

"ஆமாங்க. ஆட்டுனாக."